ஐந்தாவது சுத்தியல்

சுத்தியலை எடுத்து இந்தப் பெட்டியில் வைத்துவிடு, சேர்மன் திரும்பும்போது கையோடு கொண்டுபோகிறார் என்று மேலதிகாரி வேதமூர்த்தி சார் சொல்லிவிட்டுப் போய் ஐந்து நிமிடம் இருக்கும். பரிமளா இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. வெள்ளை மரப்பெட்டி. தூக்கினால் கனமே இல்லை. மேலே ஜப்பானிய எழுத்தில் ஐந்து என்று ஒரே ஒரு எண், மை தொட்டு எழுதியது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பது. சேர்மன் பத்து மணிக்கு வருகிறார், இந்த வரலாற்று அறைக்குத்தான் முதலில். ஒன்பது வருடமாக இந்த அறையில் நின்று தத்சுமோரி மோட்டார்ஸ் என்ற ஜப்பானியக் கார் கம்பெனி பிறந்து வளர்ந்த கதையைச் சொல்வது அவள் வேலை. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள், கலெக்டருக்குச் சொல்லியிருக்கிறாள், ஒருமுறை வழிதவறி வந்த தண்ணீர் லாரிக்காரருக்கும் சொல்லியிருக்கிறாள், அவரும் பொறுமையாகக் கேட்டார். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். அதனால்தான் பெட்டியைப் பார்த்ததும் காரணம் தேடத் தொடங்கினாள். மெருகு போடக் கொண்டுபோவார்களாயிருக்கும். நூற்றாண்டு வருகிறதே, ஏழு சுத்தியலையும் ஒன்றாக வைத்துக் காட்டுவார்களாயிருக்கும். ஆமாம், அதுதான். நூற்றாண்டுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது என்பதும் அவளுக்கே தெரியும், வாரத்துக்கு நாலு தரம் அவளே சொல்கிறாளே. பெட்டியின் மூடியைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே சுத்தியல் அளவுக்குக் குழிவாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். எப்போது தைத்தார்கள்?

முதல் படம், தத்சுமோரி எய்கிச்சி. மாட்டுவண்டிக்கு அச்சு அடித்துக்கொடுத்த கொல்லர். அச்சைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், கண்ணுக்குத் தெரியாத கீறலையும் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். அப்படி அவர் கைபட்ட சுத்தியல்கள் ஏழு. புது ஆலை எந்த நாட்டில் திறந்தாலும் ஒன்று அங்கே போகும். முதல் காரின் அச்சை அந்தச் சுத்தியலால் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை வெளியே விடுவார்கள். ஒரகடத்துக்கு வந்தது ஐந்தாவது. தட்டிய அன்று பரிமளாவும் அங்கே இருந்தாள், புதுச் சீருடை கழுத்தில் உறுத்த. பக்கத்தில் நின்றவன் தணிகாசலம், அச்சுப் பிரிவில் அன்றுதான் சேர்ந்தவன், மெதுவாக, எங்கூட்டு மாட்டுக்குக் கட்ற மணியாட்டம் கீதே என்றான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் கல்யாணம் வரை போனது. ஆகவே அந்தக் கொல்லர்தான் நமக்குக் கல்யாணம் பண்ணிவைத்தார் என்று தணிகா இன்றைக்கும் சொல்வான். இரண்டாவது படம் ஷோஹெய், கொல்லரின் மருமகன். மாமனாரின் பெயரையே தன் குடும்பப் பெயராக வாங்கிக்கொண்டு கம்பெனியையும் வாங்கிக்கொண்டவர். வீட்டோட மாப்பிள்ளை என்று பரிமளா சொல்லும்போது நம் ஊர்க்காரர்கள் சிரிக்காமல் இருந்ததே இல்லை. அந்த மாப்பிள்ளைதான் மூன்று சக்கர வண்டியைக் காராக்கிக் கப்பலேற்றியவர். மூன்றாவது நகாஹாரா, குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த முதல் தலைவர், கணக்குப் படித்தவர், கத்தி மாதிரி மூக்கு. நான்காவது நவோத்தோ, கொல்லரின் பேரன், இரண்டு வருடத்துக்கு முன் பதவிக்கு வந்தவர். தாத்தாவின் காதால் கேட்பேன் என்று பதவியேற்றபோது சொன்னார். அந்த வாக்கியம் பரிமளாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய் அவளே பெரிய எழுத்தில் அடித்துப் படத்தின் கீழே ஒட்டினாள். அவர்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் வரப்போகிறார். தாத்தாவின் பேரன் அப்படிச் செய்யமாட்டார். என்ன செய்யமாட்டார் என்பதை அவள் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை.

சொல்லாவிட்டால் மட்டும் அது போய்விடுமா? சுவரில் கதை எழுதி மாட்டிய பலகைகளில் ஆறாவதின் பக்கம் போகாமல் இருக்கத்தான் அவள் கண்ணாடித் தடுப்போரம் வந்து நின்றாள். கீழே இரண்டாம் லைன். மேலிருந்து பார்த்தால் தணிகா நிற்கும் இடம் நேர் கீழே, அறுபது படிகூட இருக்காது. நீலத் தொப்பி, கையில் மின்திருகி. ஒரு அச்சு வரும், எட்டு போல்ட், முறுக்குவான், கடைசியில் யாரும் சொல்லாமலே விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்ப்பான். அவள் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு ஒட்டிக்கொண்ட பழக்கம். மேலதிகாரிகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அவன் இரண்டு கீறலைப் பிடித்ததும் விட்டுவிட்டார்கள். தலைக்கு மேலே மஞ்சள் கயிறு ஓடும். குறை கண்டவன் யாராயிருந்தாலும் அதை இழுக்கலாம், ஒரு பாட்டு ஒலிக்கும், லைனே நின்றுவிடும், ஜெனரல் மேனேஜர் நடந்து வந்தாலும் முதலில் நன்றி என்றுதான் சொல்ல வேண்டும். தணிகா பதினோரு தரம் இழுத்திருக்கிறான். அந்தப் பதினொன்றையும் தேதியோடு வைத்திருக்கிறான், வேறு எதற்குமே பெருமைப்படாத ஆள். அதே மஞ்சள் கயிறு இந்த அறையிலும் ஒன்று தொங்குகிறது, பார்வையாளர்களுக்காக. இழுத்தால் பாட்டு மட்டும் வரும். பள்ளிப்பிள்ளைகள் மாற்றி மாற்றி இழுப்பார்கள். கீழே லைன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்பது ஐம்பத்திரண்டு. செய்யாற்றுக்கு ஒன்றரை மணி நேரம். இந்தக் கணக்கைப் போடக்கூடாது என்று காலையிலிருந்து அவள் இருந்தாள், நேற்றோடு முடிந்துபோன விஷயம் என்று இருந்தாள், இப்போது கணக்கு தானாக ஓடுகிறது. தணிகாவுக்குச் செய்யாறு அரசு ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்குப் பயிற்றுநர் வேலை, ஆணை வந்து மூன்று வாரம் ஆயிற்று. ஒருமுறை தவணை கேட்டாயிற்று. இன்று முற்பகல் பன்னிரண்டுக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. சான்றிதழ்கள் வாலாஜாபாத் வீட்டு பீரோவில் இருக்கின்றன, போகிற வழிதான். பத்தே காலுக்கு வண்டியை எடுத்தால் போய்விடலாம். நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துத் தணிகா அந்த ஆணையைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தான், காற்றில் பறக்காமல். பொண்ணு நேத்ரா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சின்ன வேலதான் பரி, சம்பளம் இதுல பாதிதான், ஆனா யாரும் புடுங்க முடியாது என்றான். அவன் கேட்டது அவ்வளவுதான். வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. அவளோ எழுந்து நின்று, வரலாற்று அறையில் நிற்கிற மாதிரியே கையைக் கோத்துக்கொண்டு, சட்டியின் கதையைச் சொன்னாள்.

சட்டி மூன்றாவது பலகைக்குக் கீழே கண்ணாடிப் பேழையில் இருக்கிறது, சாதாரண அலுமினியச் சட்டி, கைப்பிடி கோணல். போர் முடிந்த சமயம், வண்டி வாங்க ஆளில்லை, இரும்பு இல்லை. அதிகாரிகள் பாதிப் பேரை அனுப்பிவிடலாம் என்றார்கள். கொல்லர் மறுத்தார். எட்டு மாதம் அந்த ஆலை முழுக்க சமையல் சட்டி அடித்தது. என் வாசலுக்குள் நுழைந்தவரை நானாக வெளியே அனுப்பமாட்டேன் என்றார். இந்த இடத்தில் பரிமளா ஒரு மூச்சு நிறுத்துவாள், கூட்டம் அமைதியாகும், பெண்பிள்ளைகள் சிலர் கண்ணைத் துடைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் நிறுத்தினாள். வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த ஒரே பார்வையாளன் அண்ணாந்து பார்த்துவிட்டு, நீ சொன்னா சரிதான் என்று டம்ளர்களை எடுத்தான். ஆணையை மடித்தான். ஒரு டம்ளரின் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது, அரசு முத்திரைக்குப் பக்கத்தில் இன்னொரு முத்திரை மாதிரி. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசியிருந்தால் அவளும் யோசித்திருப்பாள். இப்போது அவன்மேல் பழி போடுகிறாயா பரிமளா, நல்லா இருக்குடி உன் நியாயம்.

பத்து மணிக்கு டீ நேர மணி அடித்து லைன் நின்றது. சேர்மனைக் காணோம். வேதமூர்த்தி சார் கதவில் தலையை நீட்டி, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் டிராஃபிக், இருபது நிமிஷம் ஆகும், நீ இங்கேயே இரு, நகராதே என்றார். முகம் வெளுத்திருந்தது. முடிவெட்டி, புது டை கட்டி, சாவுக்கு வந்தவர் மாதிரி நின்றார். அவரிடம் கேட்டுவிடலாம். சார், சுத்தியல் ஏன் போகுது? அவள் வாயைத் திறந்தாள். பெட்டி ரெடியா என்றார் அவர், அவள் வாயைப் பார்த்தும் பார்க்காதவராக. ரெடி சார் என்றாள். அவர் போய்விட்டார். பெட்டி ரெடி இல்லை, சுத்தியல் இன்னும் பச்சைத் துணிமேல் கிடந்தது. பத்து நிமிடம் டீ. தணிகா ஒரு தூணில் சாய்ந்து காகிதக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கிறான், குழந்தை மாதிரி அப்படித்தான் பிடிப்பான். செல்போன் இரண்டு பேருடையதும் கேட்டில் லாக்கரில். போய்ச் சொல்லிவிடலாம். படி இறங்கினால் ஒரு நிமிடம். வாய்யா, கிளம்பு, காரணம் கேக்காத, வண்டிய எடு. ஆனால் சேர்மன் வருகைக்காகக் கட்டிய பட்டுப்புடவையில் லைனுக்குள் விடமாட்டார்கள், காப்புக் காலணி வேண்டும், தலைக்கவசம் வேண்டும். வாசலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்தான். நகராதே என்று சொல்லியிருக்கிறார். நகர்ந்தால் என்ன, தலையைச் சீவிவிடுவார்களா? ஷிஃப்டின் நடுவில் சொல்லாமல் போனால் தணிகாவின் ஒன்பது வருடப் பேர் போய்விடும். சுத்தியல் நிஜமாகவே மெருகு போடத்தான் போகிறது என்று ஆனால்? பாதிச் சம்பள வேலைக்கு அவனைத் துரத்தின பைத்தியக்காரி ஆவாள். அவள் நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். யாருக்கும் கேட்காத அளவுக்குத் தட்டினாள். கேட்காது என்று தெரிந்துதான் தட்டுகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. விஷயம் காலணி இல்லை, தலைக்கவசம் இல்லை. கீழே போய் நின்றால், நான் சொன்ன கதை பொய்யா போச்சு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயம். ஒன்பது வருடத்தில் இந்த அறையில் மட்டும்தான் அவள் பேசினால் ஊர் உலகம் கேட்டது. அதைப் பார்த்துத்தான் அவனும் கேட்டான். மணி அடித்தது. லைன் ஓடத் தொடங்கியது. தணிகா கப்பைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுக் கையுறையை மாட்டினான்.

பத்து பதினாலு. இனித் தள்ள முடியாது, ஆறாவது பலகையின் முன்னால் போய் நின்றாள். பெரு நாட்டு ஆலை. இரண்டாவது சுத்தியல் போன இடம். பதினேழு ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றி, நகாஹாராவின் காலத்தில் அந்த ஆலை தன் பணியை நிறைவு செய்தது. சுத்தியல் தாய்வீடு திரும்பியது. தலைமையகம் அனுப்பிய வாசகம், அவள்தான் தமிழாக்கினாள், தாய்வீடு என்பது அவளே போட்ட சொல். அந்த இடத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். அவள்தான் தட்டவைப்பாள், கையை லேசாக உயர்த்தி. ஒன்பது வருடம், எத்தனை ஆயிரம் பேர் தட்டியிருப்பார்கள். யாரும் கேட்டதில்லை, அப்படி நிறைவு என்று மூடியபிறகு அங்கே வேலை பார்த்தவர்கள் எங்கே போனார்கள் என்று. தண்ணீர் லாரிக்காரர்கூடக் கேட்கவில்லை. அவளும் கேட்டதில்லை. வாசகத்துக்குப் பக்கத்தில் புகைப்படம்: நகாஹாராவின் கையில் ஒரு பெண் வெள்ளை மரப்பெட்டியைக் கொடுக்கிறாள். பெட்டியின்மேல் ஒரே ஒரு எழுத்து. இத்தனை நாளும் பெட்டியைத்தான் பார்த்திருக்கிறாள், கொடுக்கிறவளை இன்றுதான் பார்க்கிறாள். குள்ளமான பெண், சப்பைக் கன்னம், நடுவகிடு, சீருடைக் கழுத்தில் பெயர் அட்டை; அந்த ஊர் வரலாற்று அறையில் கதை சொன்னவளாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாரைக் கொடுக்கச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரிகிறது, கண் சிரிக்கவில்லை. அவளுக்கும் வீட்டில் ஒருவன் இருந்திருப்பான். அவனுக்கும் அவள் சட்டியின் கதையைச் சொல்லியிருப்பாள். அடிப்பாவி, நீயாவது முகத்தைக் கொஞ்சம் கோணியிருக்கக்கூடாதா, எனக்குத் தெரிந்திருக்குமே. பத்து இருபது. இனி வண்டியை எவ்வளவு முறுக்கினாலும் ஆகாது. அப்படி நினைத்ததும் ஒரு ஆறுதல் வந்தது. கேவலமான ஆறுதல், இனி முடிவெடுக்க வேண்டியதில்லை என்கிற ஆறுதல். அவள் தன்னை வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே போய், சுத்தியலைத் துணிமேலிருந்து தூக்கிப் பெட்டியின் குழிவில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

அவர்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர், சாம்பல் கோட்டு. நவோத்தோ படத்தில் இருப்பதைவிட வயதானவர், கண்ணுக்குக் கீழே பை விழுந்து, தாத்தாவின் காது அப்படியே. பெரிய, தலையை விட்டு விலகி நிற்கும் காது. பரிமளா கைகோத்து நின்று ஆரம்பித்தாள். குரல் அதுபாட்டுக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கொல்லர், அச்சு, சுத்தியல். வீட்டோட மாப்பிள்ளை என்றபோது வேதமூர்த்தி சார் மட்டும் பழக்கதோஷத்தில் சிரித்து நிறுத்திக்கொண்டார். சேர்மன் தாத்தாவின் படத்தின் முன்னால் போய்க் குனிந்தார். இங்கே வருகிற ஜப்பானியர் எல்லோரும் குனிவார்கள், மனசுக்குள் மூன்று எண்ணுவதற்குள் நிமிர்ந்துவிடுவார்கள். முதல் வருடப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்: வணக்கம் சொல்வது இவ்வளவு, நன்றி சொல்வது இவ்வளவு, இடுப்பு மடிந்து முதுகு தட்டையாகி அப்படியே நின்றால் அது மன்னிப்புக் கேட்பது. பரிமளா எண்ணினாள். ஏழு, எட்டு. அவர் முதுகு தட்டையாக இருந்தது. பதினொன்று. பதினாலில் நிமிர்ந்தார், முகம் சிவந்திருந்தது. அவள் சட்டிக்கு நகர்ந்தாள். என் வாசலுக்குள் நுழைந்தவரை என்று சொன்னாள், வழக்கம்போல மூச்சை நிறுத்தினாள், நிறுத்திய மூச்சு திரும்ப வரவில்லை. மீதி வாக்கியத்தை மொழிபெயர்ப்பாளரே முடித்தார், அவருக்கும் அது மனப்பாடம். சேர்மன் சட்டியையே பார்த்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லலாமா என்று ஒருகணம் வேதமூர்த்தி சாரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தாத்தா காலத்துல ஆலை ஒண்ணுதான் இருந்ததும்மா. ஒண்ணைக் காப்பாத்தறது சுலபம்னு சொல்றார்."

கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை. நகாஹாராவின் மூக்கோடு வந்திருந்தால் திட்டலாம், இவர் சாப்பிடாமல் தூங்காமல் வந்த ஆள் மாதிரி இருந்தார். தாத்தாவின் காதால் கேட்டுத்தான் வந்திருக்கிறார் போல. கீறல் விழுந்த அச்சை அந்தத் தாத்தாவும் ஒட்டவைத்ததில்லை, ஓரமாகத் தூக்கிப் போட்டார். இந்தக் கதையையும் அவளே எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள், பெருமையாக. ஆறாவது பலகையைத் தாண்டி வேதமூர்த்தி சார் அவர்களை அவசரமாகக் கூட்டிப்போனார். பெட்டியைக் கொடுக்கச் சொன்னார்கள். புகைப்படக்காரர் ஒரகடத்துப் பையன் இல்லை, சென்னையிலிருந்து வந்தவர், விவரம் ஒன்றும் தெரியாதவர். மேடம் கொஞ்சம் இந்தப் பக்கம், பெட்டி நம்பர் தெரியட்டும் என்றார். அவள் பெட்டியை நீட்டினாள். சேர்மன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்துக் குனிந்தார், ஒரு ஊழியருக்குக் குனிய வேண்டியதைவிட ரொம்பக் கீழே, முதுகு தட்டையாகும் வரை. அவள் எண்ணவில்லை. எண்ணித் தெரிந்துகொள்ள இனி என்ன இருக்கிறது.

"கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றார் புகைப்படக்காரர்.

பரிமளா சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். ஆறாவது பலகைக்காரியின் சிரிப்பு தன் முகத்தில் எப்படி வந்து ஏறுகிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே சிரித்தாள். அது கஷ்டமாகவே இல்லை. ஒருவேளை அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், சிரி என்றார்கள், சிரித்தாள், அவ்வளவுதான். எங்கேயோ ஏழாவது சுத்தியல் இருக்கிற ஊரில், இன்னும் சில வருடம் கழித்து ஒருத்தி இந்தப் படத்தின் முன்னால் நின்று, தமிழ்நாட்டு ஆலை தன் பணியை நிறைவு செய்தது என்று சொல்லிக் கையை லேசாக உயர்த்துவாள். கூட்டம் தட்டும். அவர்கள் போனார்கள். மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரும் மைதானத்தில் கூட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், இனிப்பு உண்டு என்றார்கள். கீழே யாரோ விசிலடித்தார்கள், போனஸ் என்று நினைத்திருப்பார்கள்.

அறையில் அவள் மட்டும். சுத்தியல் கிடந்த இடத்தில் பச்சைத் துணி வெளுக்காமல் சுத்தியல் வடிவத்தில் கரும்பச்சையாக இருந்தது. கடிகாரத்தில் பன்னிரண்டாக இருபது நிமிடம். செய்யாற்றில் ஒரு குமாஸ்தா பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்து வைத்திருப்பார், அந்தப் பெயர்க்காரன் வீட்டில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவனுக்கு ஒரு நல்ல நாள். அவள் கண்ணாடியோரம் போனாள். போகிற வழியில் கை தானாக மஞ்சள் கயிற்றைப் பிடித்தது. இழுத்தாள். முழுப் பலத்தோடு, கயிறு அறுந்தாலும் அறுந்துபோகட்டும் என்று இழுத்தாள். பாட்டு வந்தது, பள்ளிப்பிள்ளைகளுக்கு வருகிற அதே பாட்டு. கீழே லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அச்சு போயிற்று, இன்னொன்று வந்தது. தணிகா எட்டாவது போல்ட்டை முறுக்கி, விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்தான். சரியாக இருந்திருக்க வேண்டும், விட்டுவிட்டான். அப்புறம், பார்வையாளர் போனபின் வழக்கமாகப் பார்ப்பதுபோல, அண்ணாந்து பார்த்தான். பட்டுப்புடவையில் அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. நல்லா சொன்னியா என்று தலையை ஆட்டிக் கேட்டான். அவள் ஆம் என்று தலையாட்டினாள். அவன் கையுறைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த அச்சுக்குத் திரும்பினான்.